பைசாந்தியத் துறவுமடங்களின் இருபக்க ஐகான்கள்: எந்தக் காலம், எதற்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐகான் என்றால் இப்போது கைப்பேசித் திரையில் தட்டும் சின்னப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அந்தச் சொல்லின் மூத்த பொருளை. கிழக்குத் திருச்சபையினர் மரப்பலகையில் வரைந்து, முத்தமிட்டு, மெழுகுத்திரி ஏற்றி வணங்கும் புனிதச் சித்திரம் அது. அதில் பலகையின் இரண்டு பக்கமும் வரையப்பட்ட ஒரு வகை உண்டு. கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசிலும், அதைப் பார்த்து வளர்ந்த பால்கன், ரஷ்ய நாடுகளிலும் இவை இருந்தன. இவற்றைப் பற்றி எழுதும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பின்பக்கம் ஏதாவது வரைந்திருந்தால் அது இருபக்க ஐகானா?

இல்லை. சாதாரண ஐகான்களின் முதுகிலும் சிலுவை, அலைக்கோடு, பளிங்குக்கல் போன்ற வண்ணத் திட்டு எல்லாம் இருக்கும். அவை அலங்காரமும் காப்பும்தான். பின்பக்கத்திலும் வணங்குவதற்குரிய ஓர் உருவமோ காட்சியோ முழுமையாக வரையப்பட்டிருந்தால்தான் இருபக்க ஐகான் என்பார்கள். ஒரு பக்கம் மரியன்னை, மறுபக்கம் இயேசுவின் சிலுவைப்பாடு என்ற ஜோடிதான் அதிகம் தென்படும். அன்னையோடு ஒரு புனிதர் இருப்பதும் உண்டு, இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாவிடம் மங்கள வார்த்தை சொல்லும் காட்சி இருப்பதும் உண்டு.

ஒன்றை எடுத்துக் காட்டி விளக்க முடியுமா?

வட கிரேக்கத்தில் ஏரிக்கரையோரம் கஸ்தோரியா என்றொரு ஊர். அங்குள்ள பைசாந்திய அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த பலகை ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். முன்பக்கத்தில் ஒரு கையில் குழந்தை இயேசுவை ஏந்தி, மறு கையால் அவரைச் சுட்டிக்காட்டும் மரியன்னை. இந்த அமைப்புக்கு ஹோடெகெட்ரியா என்று பெயர். வழிகாட்டும் அன்னை என்று சொல்லலாம்.

இதுவரை வழக்கமான படம்தான். முகத்தைப் பாருங்கள். புருவங்கள் நெரிந்து மேலேறியிருக்கின்றன. கண்கள் குழந்தையையும் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை, எங்கோ பக்கவாட்டில் போகின்றன. மடியில் பிள்ளை இருக்கும்போது ஒரு தாய்க்கு ஏன் இப்படி முகம் வாட வேண்டும்?

பலகையைத் திருப்பினால் விடை கிடைக்கும். மறுபக்கத்தில் அதே பிள்ளை வளர்ந்து, இறந்து, இடுப்புக்கு மேல் வெற்றுடம்பாக, கண் மூடி, தலை சாய்ந்து நிற்கிறார். பின்னால் சிலுவை. அதில் கிரேக்க எழுத்தில் ‘மகிமையின் ராஜா’. விவிலியத்தின் சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களிலிருந்து வந்த பட்டம், ஒரு சடலத்தின் தலைக்கு மேல். இந்த வகைப் படத்தைக் கிரேக்கர்கள் ‘அக்ரா தபேய்னோசிஸ்’ என்கிறார்கள், தாழ்மையின் எல்லை என்று பொருள். ஆலயத்தில் குழந்தையைக் காணிக்கையாக்கிய அன்றே, உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று முதியவர் சிமியோன் மரியாவிடம் சொன்னதாக லூக்கா எழுதியிருக்கிறார். பலகையின் முன்பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட முகம். பின்பக்கத்தில் அது பலித்த நாள்.

இரண்டையும் வெவ்வேறு படங்களாகப் பிரித்து அச்சிட்டால் பாதி அர்த்தம் போய்விடும். பல புத்தகங்களில் அப்படித்தான் அச்சிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

சரி, எதற்காக இரண்டு பக்கம்?

முதல் பதில் பவனி. சுவரில் மாட்டும் படத்துக்கு முதுகு தேவையில்லை. கம்பில் நிறுத்திக் கூட்டத்தின் நடுவே தூக்கிப் போகும் படத்துக்கு முதுகும் முகம்தான். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிய வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கும் ஒன்று தெரிய வேண்டும்.

இதற்குப் பெரிய முன்மாதிரி கான்ஸ்டான்டிநோபிளின் ஹோடெகோன் மடத்தில் இருந்த ஹோடெகெட்ரியா ஐகான். புனித லூக்காவே வரைந்தது என்பது ஐதீகம். செவ்வாய்க்கிழமைதோறும் அது வெளியே வரும். 1437 வாக்கில் அங்கே போன பெரோ தஃபூர் என்ற காஸ்தீலியப் பயணி, ஒரு பக்கம் அன்னை, மறுபக்கம் சிலுவையில் இயேசு என்றே எழுதுகிறார். ஆறு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத பாரம், நீண்ட சிவப்பு உடையில் சுமார் இருபது பேர் வருவார்கள், அவர்களில் ஒருவர் அதைத் தனியாளாக லேசாகத் தூக்கிவிடுவார் என்பது அவர் தரும் விவரம். அதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முன்னால் ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரத்திலிருந்து வந்த ஸ்தேபான் என்ற பயணியும் இதே காட்சியைச் சொல்கிறார். ஐகானைத் தோளில் வாங்கியவர் சிலுவையில் அறையப்பட்டவர்போல இரு கைகளையும் விரித்து நிற்பாராம். பாரம் அவரை இப்படியும் அப்படியும் இழுத்துப் போகுமாம். பார்க்கவே பயமாக இருந்தது என்கிறார்.

கிரேக்கத்தின் ஆர்த்தா ஊருக்குப் பக்கத்தில் ஒரு மடத்துக் கோயில் சுவரில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்தச் செவ்வாய்ப் பவனியை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஐகானைச் சுற்றிக் கூட்டம், பக்கத்திலேயே சந்தையில் கடை விரித்திருப்பவர்கள். பக்தியும் வியாபாரமும் ஒரே தெருவில்.

மடம் என்றால் உலகை விட்டு ஒதுங்கிய இடம் அல்லவா? அங்கே பவனி எதற்கு?

பைசாந்திய மடங்களில் பல நகரத்தின் நடுவிலேயே இருந்தன. அரச குடும்பமும் பிரபுக்களும் தங்கள் ஆன்மாவுக்காக மடம் கட்டி, அங்கேயே புதைக்கப்பட்டார்கள். அதற்கு ஒழுங்குமுறை ஏடு ஒன்றும் எழுதி வைத்தார்கள், தைப்பிகோன் என்று பெயர். இரண்டாம் யோவான் கொம்னேனோஸ் பேரரசர் கான்ஸ்டான்டிநோபிளில் கட்டிய பந்தோக்ராத்தோர் மடத்துக்கு 1136இல் எழுதிய தைப்பிகோன் நமக்குக் கிடைத்திருக்கிறது. தானும் தன் குடும்பத்தினரும் இறந்த பிறகு, நினைவு நாள்களில் ஹோடெகெட்ரியா ஐகானைப் பவனியாக அழைத்து வந்து, கல்லறைகள் இருக்கும் சிற்றாலயத்தில் இரவு முழுக்க வைத்து விழித்திருந்து வேண்ட வேண்டும் என்கிறார். சுமந்து வருபவர்களுக்குத் தர வேண்டிய பணத்தைக்கூட விடவில்லை. அந்தக் கட்டடம் இன்று இஸ்தான்புல்லில் ஸெய்ரெக் மசூதி.

ஆக ஒரு ஐகானுக்குத் தெருவும் வேலை, கல்லறையும் வேலை. ‘அசல் நோக்கம் எது’ என்று ஒற்றையில் கேட்டால் பதில் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

பவனி இல்லாத நாள்களில் எங்கே வைத்திருப்பார்கள்?

பெரும்பாலும் கோயிலுக்குள் ஒரு தாங்கியில், நான்கு பக்கமும் ஆள் சுற்றி வரும்படி. சிலவற்றைப் பீடப்பகுதிக்கும் மக்கள் நிற்கும் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பில் வைத்திருக்கலாம். அப்போது மக்களுக்கு ஒரு முகம், உள்ளே நிற்கும் குருக்களுக்கு இன்னொரு முகம்.

மூன்றாவதாக ஒன்று. நாளுக்கு ஏற்பத் திருப்பி வைப்பது. கஸ்தோரியா பலகையைப் புனித வெள்ளியோடு இணைத்து ஹான்ஸ் பெல்டிங் என்ற ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் எழுதியது இந்தத் துறையில் திருப்புமுனை. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் இயேசுவின் பாடுகளை, அதாவது துன்பங்களையும் மரணத்தையும், நினைக்கும் வாரத்தில் மடங்களில் நடக்கும் வழிபாட்டில் மரியன்னையின் ஒப்பாரிப் பாடல்கள் பெருகின. மகன் உடலைப் பார்த்து, உன்னைத் தாலாட்டிய கையால் அடக்கம் செய்யும்படி ஆயிற்றே என்ற ரீதியில் தாய் புலம்பும் பாடல்கள் அவை. அந்தப் பாடலுக்கு வரைந்த படம்போல இருக்கிறது கஸ்தோரியா ஐகான் என்பது அவர் வாதம். வழிபாட்டு ஏடு எதிலும் ‘இப்போது பலகையைத் திருப்பு’ என்ற குறிப்பைக் காட்டி நிரூபித்த வாதம் அல்ல இது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு மறுக்க மனம் வராது. எனக்கும் வரவில்லை.

அடியில் கம்பு செருகிய தடம் இருந்தால் பவனிக்காகச் செய்தது என்று உறுதியாகச் சொல்லலாமா?

பவனிக்குப் போனது என்று உறுதியாகச் சொல்லலாம். பவனிக்காகவே செய்தது என்று சொல்ல, அந்தக் கம்பு பலகையோடு பிறந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு எந்தத் தச்சனும் துளை போட்டிருக்கலாம்.

கம்போடு இருப்பதற்கு நல்ல உதாரணம் நோவ்கொரோத் நகரத்தின் ‘அடையாளத்தின் அன்னை’ ஐகான். 12ஆம் நூற்றாண்டு. மறுபக்கத்தில் இரண்டு புனிதர்கள் கிறிஸ்துவை நோக்கி வேண்டி நிற்கிறார்கள். 1170இல் சூஸ்தால் என்ற மற்றொரு ரஷ்ய அரசின் படை நகரை முற்றுகையிட்டபோது இதைக் கோட்டைச் சுவருக்குக் கொண்டுபோனார்கள், எதிரி அம்பு அன்னையின் முகத்தில் பட்டது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது நோவ்கொரோத்தாரின் கதை. கதை ஒருபுறம் இருக்கட்டும். போரில் ஐகானைச் சுவரில் ஏற்றுவது அன்றைய நடைமுறைதான். 1187இல் கிளர்ச்சித் தளபதி பிரானாஸ் கான்ஸ்டான்டிநோபிளைச் சூழ்ந்தபோது, பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஐசக்கும் ஹோடெகெட்ரியாவை மதிலில் ஏற்றினார்.

காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? ஓவியர் தேதி போட்டிருக்க மாட்டாரா?

மாட்டார். பெயரும் போட மாட்டார். ஓவியர் கையெழுத்து பரவலானதெல்லாம் பிற்பாடுதான்.

அதனால் முதல் வழி, தேதி தெரிந்த சுவரோவியங்களோடு ஒப்பிடுவது. சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதில் கட்டியவர் பெயரும் ஆண்டும் இருக்கும். வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேவுக்குப் பக்கத்து நெரெசியில் இருக்கும் கோயில் 1164. பிரெஸ்பா ஏரிக்கரையின் குர்பினோவோ கோயிலில் வேலை தொடங்கிய நாளே எழுதப்பட்டிருக்கிறது: 1191 ஏப்ரல் 25. நெரெசியில் இறந்த மகனைக் கட்டிக்கொண்டு அழும் மரியன்னையின் முகத்தைக் கஸ்தோரியா முகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நெரிந்த புருவம், அதே நிழல். குர்பினோவோவில் துணி மடிப்புகள் காற்றில் பறக்கும் நாடாபோலச் சுழலும். இப்படி முன்னும் பின்னும் முளை அடித்து, நடுவில் ஐகானை உட்கார வைப்பார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மாகாணத்து ஓவியர் தன் ஆசிரியரிடம் கற்றதை நாற்பது வருடம் வரைந்துகொண்டிருப்பார். தலைநகரில் பழசானது கஸ்தோரியாவில் புதுசாக இருக்கும். அதனால்தான் ‘12ஆம் நூற்றாண்டின் பிற்பாதி’ என்று இழுத்துச் சொல்கிறார்கள். ‘1175’ என்று யாராவது அடித்துச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

கார்பன் 14 சோதனை செய்தால் முடிந்ததே?

பலரும் கேட்பது. அந்தச் சோதனை மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், படம் வரைந்த காலத்தைச் சொல்லாது. பலகை அறுக்கும்போது வெளி வளையங்களைச் செதுக்கிவிடுவார்கள். உள்மரத்திலிருந்து துண்டு எடுத்தால் படத்தைவிடப் பல பத்தாண்டு மூத்த தேதி வரும். பழைய ஐகானைச் சுரண்டிவிட்டு அதே பலகையில் புதிதாக வரைவதும் நடந்திருக்கிறது. போதாததற்கு விடையும் ஓர் ஆண்டாக வராது, ஒரு நீண்ட வரம்பாகத்தான் வரும்.

மரத்தின்மேல் ஒட்டும் லினன் துணியைச் சோதிப்பது இதைவிட நல்லது. மரத்தைப்போல அல்லாமல் துணியின் நார் ஒரே பருவத்தில் விளைந்தது. துணியின்மேல் சுண்ணமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். அடியில் வேறொரு முகம் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். வண்ணங்களையும் சோதிப்பார்கள். பிரஷ்ய நீலம் இருந்தால் அந்த இடம் 18ஆம் நூற்றாண்டுக்கு முன் வரைந்ததாக இருக்க வழியில்லை. டைட்டானியம் வெள்ளை இருந்தால் 20ஆம் நூற்றாண்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே காலத்தில்தான் வரைந்திருப்பார்களா?

இதுதான் எல்லோரும் கேட்க மறக்கும் கேள்வி. கஸ்தோரியாவில் ஒரே காலம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

ஏதென்ஸ் பைசாந்திய அருங்காட்சியகத்தில் ஒரு பலகை. ஒரு பக்கம் சிலுவைப்பாடு. அதில் 9, 10, 13ஆம் நூற்றாண்டுகளின் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதாக ஆய்வாளர்கள் பிரித்திருக்கிறார்கள். மறுபக்கம் இருக்கும் ஹோடெகெட்ரியா 16ஆம் நூற்றாண்டு. ஒரே பலகையின் இரண்டு முகங்களுக்கு நடுவே ஏழு நூற்றாண்டு! இதற்கு ‘என்ன காலம்’ என்று அட்டையில் ஒரு வரி எழுதச் சொன்னால் என்ன எழுதுவது?

விளாதிமிர் அன்னை இன்னும் சிக்கல். கான்ஸ்டான்டிநோபிளில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது. கீவுக்குப் போய், 1155இல் ஆந்திரேய் பொகொல்யூப்ஸ்கி இளவரசர் வடக்கே கொண்டுபோக, 1395இல் மாஸ்கோவுக்கு வந்தது. 1918இல் துப்புரவு செய்தபோது பார்த்தால், முதல் ஓவியரின் கை அன்னையின் முகத்திலும் குழந்தையின் முகத்திலும்தான் முக்கியமாக மிஞ்சியிருந்தது. மற்றவை பிற்காலத்தவர் பூசியவை. இப்போது பின்பக்கத்தில் தெரியும் அரியணையும் பாடுகளின் கருவிகளும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை என்பது பரவலான கருத்து. முத்தமிட முத்தமிட வண்ணம் போகும், வெள்ளிக் கவசம் ஆணியடித்து மாட்டுவார்கள், மங்கினால் மறுபடி வரைவார்கள். அதிகம் வணங்கப்பட்ட ஐகானில்தான் அசல் குறைவாக இருக்கும்.

ஐகானில் எழுத்து இருந்தால் தேதிச் சிக்கல் தீர்ந்துவிடுமா?

சில சமயம் கூடிவிடும். செர்பியாவின் பொகானோவோ மடத்திலிருந்து வந்து, இப்போது பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் இருக்கும் ஐகானைச் சொல்கிறேன். ஒரு பக்கம் மரியன்னையும் நற்செய்தியாளர் யோவானும். மறுபக்கம் ஒளிவட்டத்தில் கிறிஸ்து, சுற்றிலும் நான்கு உயிர்கள், கீழே இரண்டு தீர்க்கதரிசிகள். தெசலோனிக்கியில் லத்தோமோஸ் மடத்தில் அதிசயமாக வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் மொசைக்கின் நகல் அது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த மொசைக் இன்றும் அங்கே இருக்கிறது.

ஐகானில் ஹெலெனா என்ற அரசியின் பெயரும் உண்டு. எழுத்து சிதைந்திருக்கிறது. எந்த ஹெலெனா? இரண்டாம் மானுவேல் பேரரசரின் மனைவி ஹெலெனா திராகாஷ் என்கிறது ஒரு தரப்பு. 1371இல் மரித்சா போரில் மடிந்த செர்பிய ஆட்சியாளர் உக்லேஷாவின் மனைவி யெலேனா என்கிறது இன்னொரு தரப்பு. அவர் பிறகு துறவியாகி யெஃபீமியா என்ற பெயரில் செர்பிய மொழியில் எழுதியவர். இரண்டாமவர் என்றால் கணவரை இழந்தவரின் வேண்டுதல். முதலாமவர் என்றால் மணமகளாகத் தலைநகருக்குப் போனவரின் கொடை. தேதி 20 ஆண்டு நகர்ந்தால் ஐகானின் கதையே மாறிவிடும்.

மரம் வளையாமல் இருக்கத்தான் இரண்டு பக்கமும் பூசினார்கள் என்கிறார்களே?

இரு பக்கமும் பூசினால் ஈரம் சமமாக ஏறி இறங்கும், பலகை கொஞ்சம் குறைவாக வளையும், உண்மைதான். அதற்கு வெறும் பூச்சே போதும். ஓவியர் உட்கார்ந்து இறந்த கிறிஸ்துவை வரைய வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாமே பெரிய பலகைகள்தானா?

இல்லை. நோவ்கொரோத் சோஃபியா பேராலயத்துக்காக 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஒரு தொகுதி, ஏறக்குறைய ஒரு நோட்டுப்புத்தக அளவுதான். மரம்கூட இல்லை, வெள்ளைப் பூச்சு போட்டு விறைப்பாக்கிய துணி. ஒரு பக்கம் ஒரு திருவிழா, மறுபக்கம் புனிதர்கள். அன்றைய நாளுக்குரியதை எடுத்துச் சாய்மேசையில் வைப்பார்கள், நாளை வேறு. இங்கே இரண்டு பக்கம் இருப்பது நாள்காட்டித் தாளின் இரண்டு பக்கம்போல, வசதிக்காக. இதற்குக் கஸ்தோரியாவின் இறையியலை ஏற்றிச் சொல்லக் கூடாது.

மூல ஹோடெகெட்ரியா இப்போது எங்கே?

இல்லை. 1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்டபோது அதைக் கோட்டைச் சுவருக்குப் பக்கமாகக் கோரா மடத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நகரம் விழுந்த அன்று உள்ளே புகுந்த வீரர்கள் கோடரியால் நான்காகப் பிளந்து, அலங்காரங்களோடு பங்கு போட்டுக்கொண்டதாக தூகாஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். நமக்கு மிஞ்சியவை நகல்களும் நினைவுகளும்தான்.

நேரில் பார்க்கப் போனால் எதைக் கவனிப்பது?

முதலில் கீழ் விளிம்பை. கம்பு நின்ற பள்ளமோ, அறுத்தெடுத்த தடமோ தெரியும். அப்புறம் ஓரங்களில் ஆணித் துளைகள், வெள்ளித் தகடு மாட்டியவை. வட மாசிடோனியாவின் ஓஹ்ரித் நகரத்து ‘ஆன்ம ரட்சகி’ ஐகானில் அந்த வெள்ளிக் கவசமே இன்னும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது, பின்பக்கம் மங்கள வார்த்தைக் காட்சி. மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் தோன் அன்னை ஐகானும் இருக்கிறது. முன்னால் குழந்தை தாயின் கன்னத்தில் கன்னம் வைத்திருக்கும், பின்னால் அதே தாய் மரணப்படுக்கையில். அங்கே தாயின் ஆன்மாவைத் துணி சுற்றிய குழந்தையாகக் கையில் ஏந்தி நிற்பவர் மகன். இதில் யார் யாரைச் சுமக்கிறார்கள் என்பது புரிய, கண்ணாடிப் பெட்டியை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.